பூங்காவின் பூட்டும் நாற்சந்தியின் வெளிச்சமும்: நம் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியலை அலுவலக அறிவிப்புப் பலகையில் நின்று படித்தேன். 11-ஆவது பொருள், காவலாளி பற்றாக்குறையால் பூங்காவை இனிக் காலை ஆறரைக்குத் திறந்து மாலை ஏழு மணிக்குப் பூட்டுவது. 26-ஆவது பொருள், பூங்காவை ஒட்டிய நாற்சந்தியில் உயர்கோபுர மின்விளக்கு அமைப்பது. இரண்டுக்கும் நடுவே பதினான்கு பொருள்கள் இருக்கின்றன. இரண்டையும் வேறு வேறு பிரிவுகள் எழுதியிருக்கும், வேறு வேறு கோப்பில் இருக்கும். ஆனால் பூங்காவைச் சுற்றிக் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். முதல் தீர்மானம் எங்கள் நடையை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது எங்கள் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும். இதில் ஒன்று போனால் மற்றது நிலைக்காது. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி அறுவை சிகிச்சை வார்டு. உங்களில் சிலருக்குத் தையல் பிரித்து விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலரைக் கைத்தாங்கலாக நடக்க வைத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைப்போம். வீட்டார் பதறுவார்கள். "தையல் பிரிஞ்சிடாதா சிஸ்டர்? இன்னும் ரெண்டு நாள் படுத்திருக்கட்டுமே" என்பார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், குடல் வேலை செய்யாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கு நன்றாக மேலேறுகிறது. இதெல்லாம் பாடத்தில் படித்தது. பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை நைட் டியூட்டியில் பார்த்தேன். பகலில் வராந்தாவில் நாலு நடை நடந்தவர்கள் இரவில் தூங்கினார்கள். பகலெல்லாம் கட்டிலிலேயே கண்ணயர்ந்து கிடந்தவர்கள் இரவு முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். விவசாயி. குடலிறக்க அறுவை முடிந்து படுத்திருந்தார். வலி தாங்கமுடியாத அளவு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை "சிஸ்டர், மணி என்ன?" என்று கேட்பார். ஒரு மணி என்பேன். திரும்பக் கேட்கும்போது ஒன்றரை. வாழ்நாள் முழுக்க வயலில் நடந்த மனிதர், அந்த வார்டில் நாலு நாளாகப் பகலும் தெரியாமல் இரவும் தெரியாமல் கிடந்தார். மறுநாள் காலை டியூட்டி முடிந்து கிளம்பும் முன் அவர் கையைப் பிடித்து, வராந்தாவின் கிழக்குக் கோடி வரை நடத்திக் கூட்டிப்போய் வெயிலில் உட்கார வைத்தேன். டீயை அங்கேயே குடித்தார். சாயங்காலமும் அவர் மகன் இரண்டு நடை கூட்டிப்போனான். மூன்றாவது நாள் இரவு அவர் மணி கேட்கவில்லை. அருகில் போய்ப் பார்த்தேன், வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு அதன் காரணம் முழுதாகத் தெரியாது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

தூக்கம் வர இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறுகச் சிறுகச் சேர வேண்டும். மூளையும் உடம்பும் செலவழிக்கும் சக்தியின் மிச்சம் அது. அது சேரச் சேரக் கண் கனக்கும். நாம் உழைத்த பகலில் அது நன்றாகச் சேர்கிறது. பகல் தூக்கம் போட்டால் கொஞ்சம் கரைந்து போகிறது. காபியில் இருக்கும் காஃபீன், அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு ஒரு காபி குடித்தால், பத்து மணிக்குப் படுக்கும்போதும் அதில் பாதி உள்ளே இருக்கும். நடக்காத உடம்பு, மாலையில் ஒரு காபி, மதியம் ஒரு குட்டித் தூக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் இரவு பதினொன்றுக்கும் கண் மூடாது. நம் ஊரில் கடை வைத்திருக்கும் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது.

இரண்டாவது, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். இது உவமை இல்லை, உண்மையான கடிகாரமே இருக்கிறது. உயிரணுக்களுக்குள் அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரம் தானாக ஓடினாலும், தினமும் அதைச் சரிசெய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்காக அல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால் மூளை அதை நாளின் தொடக்கமாகக் குறித்துக்கொள்கிறது. அதைக் கணக்கு வைத்துத்தான் இரவில் மெலடோனின் என்ற, தூக்கத்துக்கு உடம்பைத் தயாராக்கும் இயக்குநீர் (ஹார்மோன்) சுரக்கும் நேரமும் அமைகிறது. அதாவது இன்றிரவு எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்பதில் பாதி, இன்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சம் 200, 300 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய காலையில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சம். நம் கண்ணுக்கு வீட்டு வெளிச்சமே போதும்போலத் தெரிகிறது. உடம்புக் கடிகாரத்துக்கு அது போதாது. அந்தப் பெரியவருக்கு வராந்தாவின் கிழக்குக் கோடியில் கிடைத்தது இதுதான்: கொஞ்சம் நடை, அதோடு கொஞ்சம் வெயில். காலையில் வெளியே நடக்கிறவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில், காசில்லாமல் கிடைக்கின்றன. வீட்டுக்குள் ஓடுபொறி (ட்ரெட்மில்) வாங்கிப் போட்டு நடந்தால் பாதிதான் கிடைக்கும்.

மாலை நடைக்கு வேறொரு பலன் உண்டு. தூங்கப் போகும் நேரத்தில் உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். நடக்கும்போது உடம்பு சூடாகி, நின்றபின் மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கம் தூக்கத்துக்குத் துணை செய்கிறது. சாப்பிட்டபின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் குறைகிறது, ஏனென்றால் வேலை செய்யும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். "சாப்பிட்டா நூறடி நடந்துட்டுத்தான் படுக்கணும்" என்று என் மாமியார் சொல்வார். அவர் எந்த ஆராய்ச்சியும் படித்தவர் இல்லை. படுக்கப் போகும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடுவது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கலாம். பேசிக்கொண்டே நடக்கும் மெதுநடையில் அந்தக் கவலை இல்லை.

அப்புறம் கால் வீக்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களையும், தையல் எந்திரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். மாலையில் அவர்கள் கணுக்கால் வீங்கியிருக்கும். (2021-இல் நம் மாநிலத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். மிக நல்ல காரியம்.) நின்றே இருந்தாலும் உட்கார்ந்தே இருந்தாலும் நீர் காலில் தங்குகிறது. இரவு படுத்ததும் அந்த நீர் திரும்ப ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது, இரவில் மூன்று தடவை எழுந்து கழிவறைக்குப் போக நேர்கிறது. "வயசாச்சு, அதான்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அதற்கு வேறு காரணங்கள் உண்டு, சுகர், புராஸ்டேட் என்று. ஆனால் மாலையில் கொஞ்சம் நடந்து அந்த நீரைப் படுப்பதற்கு முன்பே மேலேற்றிவிட்டால் பலருக்கு ஒரு தடவையாவது குறையும். எண்பது வயதில் ஒரு தடவை குறைவாக எழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பராமரித்த எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேரிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ராத்திரி பாத்ரூம் போக எழுந்தேன்மா." தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு எழுகிற முதியவர்களுக்கு விழும் ஆபத்து இன்னும் அதிகம்.

இதுவரை நடை தூக்கத்துக்குச் செய்வதைச் சொன்னேன். தூக்கம் நடைக்குச் செய்வதும் அதே அளவு இருக்கிறது.

இரவின் முதல் பகுதியில்தான் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி இயக்குநீர் பெருமளவு சுரப்பதும் அப்போதுதான். பகலில் தேய்ந்த தசை அப்போது பழுது பார்க்கப்படுகிறது. அந்த நேரத்தில் கல்யாண மண்டபத்து வெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தால், மறுநாள் முட்டி கனக்கிறது, கால் பின்னுகிறது. தூக்கம் குறைந்த உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பசியைத் தூண்டும் இயக்குநீர் கூடுகிறது, போதும் என்று சொல்லும் இயக்குநீர் குறைகிறது. நடக்கத் தெம்பும் இல்லை, பசியும் அதிகம். அன்றைக்கு நடை நின்றுபோகிறது. நடக்காததால் இரவில் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வராததால் மறுநாளும் நடப்பதில்லை. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களை உங்கள் ஒவ்வொருவர் தெருவிலும் காட்ட முடியும். அவர்கள் மருத்துவரிடம் போனால் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்பார். நல்லாச் சொன்னார் டாக்டர். எங்கே நடப்பது என்பதற்கான மருந்துச் சீட்டு மருத்துவர் கையில் இல்லை. அது நகர்மன்றத்தின் கையில் இருக்கிறது.

என்னையே சொல்கிறேன். மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி பார்த்த உடம்பு இது. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் மறுபடி ஆய்ந்து அதையே உறுதி செய்தது. செய்தியைப் படித்தபோது பயந்தேன், ஆனால் வேலையை விட முடியுமா? ஓய்வு பெற்றபின் தூங்கித் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. முதல் ஆறு மாதம், வார்டில் இருப்பதுபோலவே இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெரியவர் நினைவு வந்துதான் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி, விடிந்து வெயில் முகத்தில் படும்வரை இருப்பேன். இரவு சாப்பிட்டபின் கால் மணி நேரம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் இரவு இரண்டு மணி விழிப்பு நின்றது. இப்போது ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறேன், ஏழு மணி நேரம்.

நடை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறவர்களும், மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நடையும் தூக்கமும் சேர்ந்து ஒழுங்குக்கு வந்துவிட்டால், மருந்தும் மருத்துவரும் செய்வதற்கு மிச்சமிருக்கும் வேலை சுலபமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று விரல்விட்டுச் சொல்வார்கள்.

இனி அந்த இரண்டு பொருள்களுக்கு வருகிறேன்.

பூங்காவை ஆறரைக்குத் திறந்தால் யார் வர முடியும்? என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் வரலாம். ஐந்து மணிக்கு என்னோடு நடப்பவர்களைச் சொல்கிறேன் கேளுங்கள். ஏழு மணி பஸ்ஸில் ஒரு மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகும் இரண்டு ஆசிரியைகள். பிள்ளைகளை எழுப்பிச் சமைத்து அனுப்ப வேண்டிய தாய்மார்கள் ஏழெட்டுப் பேர். ஆறு மணிக்கு இட்லிக் கடை போடும் ஓர் அக்கா, அவருக்குச் சுகர். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள். இவர்களில் ஒருவர்கூட ஆறரைக்கு வர முடியாது. மாலை ஏழு மணிக்குப் பூட்டினால் கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர் ஒருவர்கூட வர முடியாது, அவர்கள் கடை அடைப்பதே எட்டரைக்கு. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது. நாளுக்கு அரை மணி என்று வைத்தால் ஐந்து நாள். அந்த அரை மணி இவர்களிடம் இருப்பது ஆறரைக்கு முன்பும் எட்டரைக்குப் பின்பும்தான்.

போன ஆண்டு பராமரிப்புக்காக ஒரு மாதம் பூங்கா மூடியிருந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆண்கள் புறவழிச்சாலைக்குப் போனார்கள். இருட்டில், சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். (புறவழிச்சாலையில் நடக்க வேண்டி வந்தால் வண்டி எதிரே வரும் பக்கத்தில், வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு நடங்கள் என்று அப்போது ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.) பெண்கள் நடையை நிறுத்திவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது வந்தவர்கள் பாதிப் பேர்தான்.

மாநில அரசு 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். நல்ல திட்டம், நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து வந்தேன். ஆனால் தினசரி நடைக்கு யாரும் பஸ் ஏறிப் போக மாட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கும் இடம்தான் தினசரி நடையாகும். நம் பூங்காவின் சுற்றுப்பாதை 300 மீட்டர்தான். அது போதும். எங்களுக்கு அதைப் பெரிதாக்கவும் வேண்டாம், சிலை வைக்கவும் வேண்டாம். திறந்திருந்தால் போதும்.

நடைபாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை வரை நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் நடந்து பாருங்கள். மின்மாற்றி, கடைப் படிக்கட்டு, நிறுத்திவைத்த பைக், மூடி உடைந்த சாக்கடை. முட்டி வலிக்காரர் ஒருவர் அரையடிக்கு மேல் உயரமுள்ள நடைபாதையில் ஏறி இறங்க முடியாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லிமீட்டர் என்பது அந்த அரையடிதான். தெருநாய்ப் பிரச்சினைக்கும் 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் உங்கள் பொறுப்பில் வருகின்றன. நாய்க்குப் பயந்து வீட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்தது அந்த விளக்கு.

உயர்கோபுர விளக்கைக் கேட்ட வார்டு உறுப்பினர் அம்மாவின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த நாற்சந்தியில் இருட்டில் பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள் என்று அவர் சொன்னது உண்மை. வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் பன்னிரண்டு, பதினாறு மீட்டர் உயரத்தில் நாலாபக்கமும் வெள்ளை வெளிச்சத்தை வீசும் விளக்கு, தரையில் விழுவதைவிட எங்கள் மாடி ஜன்னல்களில்தான் அதிகம் விழும். மரத்துக்கு மேலே இருந்து வீசும் வெளிச்சம் மரத்துக்குக் கீழே இன்னும் கருமையான நிழலைப் போடும். பெண்கள் பயப்படும் இடமே அந்த நிழல்தான். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் மெலடோனின் சுரப்பை அதிகமாகத் தடுக்கிறது. காலையில் எந்த வெளிச்சம் நன்மை செய்கிறதோ அதே வெளிச்சம் இரவு பதினொரு மணிக்குக் கண்ணில் பட்டால் மூளை அதைப் பகல் என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இலேயே தெருவிளக்குகள் 3000 கெல்வினைத் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அலகு, எண் கூடக் கூட நீலம் கூடும்) தாண்டாத இளமஞ்சள் வெளிச்சமாக, மேலேயும் பக்கவாட்டிலும் சிதறாதபடி மூடியோடு இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே பணத்தில் நாற்சந்தியிலும் பூங்காவைச் சுற்றியும் தாழ்வான கம்பங்களில், கீழ்நோக்கி விழும் இளமஞ்சள் விளக்குகள் போடலாம். நடப்பவர் காலடியில் வெளிச்சம் இருக்கும். தூங்குபவர் தலைமாட்டில் இருட்டு இருக்கும். அந்த அம்மா கேட்டதும் கிடைக்கும், நான் கேட்பதும் கிடைக்கும்.

சத்தத்துக்குச் சட்டமே இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு 12 மணி வரை அனுமதி தர மாநில அரசுக்கு ஆண்டில் பதினைந்து நாள்வரை வழியிருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது நானும்தான் முன்னால் நிற்கிறேன், திருவிழாவை யாரும் வெறுக்கவில்லை. எந்தச் சாமியின் விழாவாக இருந்தாலும், எந்தக் கட்சியின் கூட்டமாக இருந்தாலும், பத்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரை நிறுத்துவது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் பிரஷர்காரருக்கும் செய்யும் உபகாரம். மண்டபங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது இந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை நள்ளிரவில் போலீஸார் எழுப்பி விரட்டிய வழக்கில், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் நீதிபதி பி.எஸ். சௌகான், அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் தூங்கும் உரிமையும் அடங்கும் என்று எழுதினார். 2025 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையும் அதே 21-ஆவது பிரிவுக்குள் வரும் என்றது. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில், வேறு வேறு வழக்குகளில், தூக்கமும் நடையும் ஒரே பிரிவுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வார்டில் கண்ணால் பார்த்ததைச் சட்டமும் தன் வழியில் வந்து பார்த்திருக்கிறது.

உங்கள் தூய்மைப் பணியாளர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் எனக்கே மனசு ஒப்பாது. ஊரிலேயே அதிகம் நடப்பவர்கள் அவர்கள். விடியும் முன் வருகைப்பதிவு போட வேண்டும் என்பதால் மூன்றரைக்கு எழுந்து சமைத்துவிட்டு வருகிறார்கள். இரவு வீட்டு வேலை முடிய பத்தரை ஆகிறது. ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு இத்தனை தூரம் நடக்கிற உடம்புக்கு அந்த நடை நன்மை செய்யாது, தேய்மானம்தான் செய்யும். வருகைப்பதிவை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். வெயிலுக்கு முன் வேலை முடிய வேண்டுமே என்பீர்கள். கோடையில் மட்டும் பழைய நேரம், மற்ற மாதங்களில் புதிய நேரம் என்று வைக்கலாம். அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். இதுவரை யாராவது கேட்டார்களா என்று ஓர் அக்காவிடம் விசாரித்தேன். இல்லை என்றார்.

ஆகவே 11-ஆவது பொருளைத் திருத்தி, பூங்காவைக் காலை ஐந்து முதல் இரவு ஒன்பதரை வரை திறந்து வைக்க முடிவு செய்யுங்கள். 26-ஆவது பொருளை நிறுத்திவைத்து, தாழ்வான விளக்குகளுக்கு மதிப்பீடு கேளுங்கள். முடிந்தால் இரண்டையும் ஒன்றாக, ஒரே எண்ணில் வைத்துப் பேசுங்கள். கூட்டத்தைப் பார்க்க வர அனுமதி உண்டென்றால் நாங்கள் பத்துப் பேராவது வருகிறோம்.

காவலாளி இல்லை என்பதுதான் சிக்கல் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இரவு பூட்டும் வேலையை எதிர் டீக்கடைத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான், அவன் கடை சாத்துவதே அந்த நேரத்துக்குத்தான். காலைக்கு நான் இருக்கிறேன். என் வீடு பூங்கா வாசலிலிருந்து மூன்றாவது வீடு, நாலரைக்கு எப்படியும் எழுந்துவிடுகிறேன். ஒரு சாவியை என்னிடம் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பூங்காத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்